ஐந்து மணித் தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

மேடம் பொய் சொல்கிறாள். இன்று காலைக் கஞ்சியில் அம்மா ஒரு கல் உப்புகூடப் போடவில்லை.

கஞ்சி காய்ச்சும்போது நான் அங்கேதான் நின்றேன். நான் வேலை பார்க்கிற கடைக்குக் கிளம்பும் முன், சாப்பாட்டு டப்பாவை எடுக்க, அம்மா சமைக்கிற அந்த வீட்டு அடுக்களையின் பின்வாசலுக்குப் போயிருந்தேன். பெரியவர் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டாராம். அவர் மேடத்தின் மாமனார். இதயம் பலவீனம். உப்பைக் கிட்டேயே சேர்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மேடம் கிண்ணத்தோடு வந்தாள், ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள், தொட்டியில் துப்பினாள்.

"கை நிறைய அள்ளிப் போட்டிருக்கே. அவரை அனுப்பி வைக்கறதுன்னே முடிவு பண்ணிட்டியா?"

"போடவே இல்லைங்க மேடம்."

"அப்ப உப்பு தானா நடந்து வந்து விழுந்துச்சா?"

பின்னால் சார், அவள் புருஷன், போனைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்புதான் இன்னும் காதுக்குள் கிடக்கிறது. திட்டுகிறவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் நின்று சிரிக்கிறவர்களை என்ன செய்வது?

நேரில் "மேடம், மேடம்" என்று குழைகிறேன். இந்த நோட்டில் மட்டும் அவள் 'அவள்'. அவ்வளவுதான் என்னால் முடிந்த புரட்சி.

எங்களுக்குச் சம்பளத்தைவிடப் பெரியது இந்த ரூம். கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால், டிரைவருக்காகக் கட்டியது. டிரைவர் வெளியிலிருந்து வருகிறார் என்பதால், அப்பா செத்துப்போன வருடம் எங்களுக்குக் கிடைத்தது. சமையல் போனால் ரூம் போகும். அம்மாவுக்கு அது தெரியும். அதனால்தான் இரண்டாவது முறை "போடலைங்க" என்று சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 5

இன்று கஞ்சி சரியாக இருந்ததாம். "நேத்து மாதிரியேதான்டி செஞ்சேன்" என்கிறாள் அம்மா.

மார்ச் 8, சனி

மறுபடி கரிப்பு. கஞ்சி, பருப்பு, சோறு எல்லாம். கொட்டிவிட்டு அம்மா இரண்டாவது முறை செய்தாளாம். அதுவும் அப்படியே.

பயந்துபோய் எல்லாவற்றிலும் உப்பைக் குறைத்துவிட்டாள். அதனால் நடுவில் சில நாள் சாப்பாடு சப்பென்று ஆகிவிட்டது. அதற்கும் திட்டு. "ஒரு நாள் கடல்தண்ணி, ஒரு நாள் ஆஸ்பத்திரி சாப்பாடு. நடுவுல ஒண்ணு கிடையாதா?" என்றாராம் சார். மேஜையில் எல்லோரும் சிரித்தார்களாம். அந்த ஆளுக்கு வேறு வேலையே இல்லை.

சாயங்காலம் அம்மா ரகசியம் மாதிரிச் சொன்னாள்: "தண்ணியே கரிக்குதுடி."

போன மாதம்தான் அந்தச் சாஃப்ட்னர் மெஷினை வைத்தார்கள். கிணற்றுத் தண்ணீர் கடினம், ஹீட்டரில் வெள்ளையாகப் படிகிறது, மேடத்துக்கு முடி கொட்டுகிறது. அடுக்களைக்கு வெளியே ஆள் உயரத்துக்கு ஒரு நீல உருளை, பக்கத்தில் மூடி போட்ட தொட்டி. தொட்டி நிறைய உப்பு. அந்த உப்பை வைத்துத்தான் மெஷின் தண்ணீரை மென்மையாக்குமாம். வீடு முழுக்க அந்தத் தண்ணீர்தான். எங்கள் ரூமுக்கு மட்டும் பழைய வெளிக்குழாய். எங்கள் முடி கொட்டினால் கொட்டட்டும்.

அம்மா கொஞ்ச நாள் முன்னாலேயே மேடத்திடம் சொல்லியிருக்கிறாள். "புது மெஷின் தண்ணி அப்படித்தான் இருக்கும். பழகிடும்" என்று பதில். யாருக்குப் பழகும்? அவர்கள் குடிப்பது கேன் தண்ணீர். அந்தக் கேனைச் சமையலுக்கு ஊற்றக் கூடாது என்று கட்டளை. பெரியவர் மட்டும் கேன் தண்ணீரைத் தொடமாட்டார். அவருக்குக் காலையில் வெந்நீர் வேண்டும். அம்மா விடிவதற்குள் குழாயில் பிடித்துக் கொதிக்க வைத்துப் பிளாஸ்கில் ஊற்றி வைப்பாள். நாள் முழுக்க அதைத்தான் குடிப்பார்.

இன்றைக்கு அவர் "வெந்நீரும் கரிக்குது" என்றாராம். அதற்கு சார்: "அப்பா, வெந்நீர்ல யாருப்பா உப்பு போடுவாங்க?"

அதற்கும் சிரிப்பு.

மார்ச் 10

மெஷின்காரன் வந்து போனான். நான் கடையில் இருந்தேன். அம்மா சொன்னதை எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு வந்திருக்கிறான். குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்திருக்கிறான். "நல்லாத்தானே இருக்கு. யாரு கம்ப்ளெயின்ட் பண்ணது?" மேடம் அம்மாவைக் காட்டியிருக்கிறாள். அவன் அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வயசானா சில பேருக்கு நாக்கு அப்படி ஆயிடும்மா. எங்க பெரியம்மாவுக்குக்கூட எல்லாமே கசக்கும்" என்றானாம். அம்மாவையும் குடிக்கச் சொல்லியிருக்கிறான். குடித்தாள். கரிக்கவில்லை.

"நெஜமாவே கரிக்கலைடி. அப்ப என் நாக்குதான் போல."

பத்து வயதிலிருந்து சமைக்கிறவள். ஒருவன் ஒரு டம்ளர் தண்ணீரில் அவளை முடித்துவிட்டுப் போய்விட்டான்.

மார்ச் 13, வியாழன்

பெரியவரின் கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. அழுத்தினால் விரல் குழி அப்படியே நிற்கிறது. மூச்சு வாங்கி உட்கார்ந்தபடியே தூங்கினாராம். மத்தியானம் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் வீட்டுக்கு வரும்போது அம்மா கேட்டருகே நின்றுகொண்டிருந்தாள். வாட்ச்மேன் அண்ணன் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டும் உட்காரவில்லை. ஒவ்வொரு காருக்கும் விறைப்பாக சல்யூட் அடிப்பதால் அவருக்கு இந்தத் தெருவில் ஜெனரல் என்று பெயர். அந்த ஜெனரல் இன்று அம்மாவுக்குச் சமாதானம் சொல்லத் தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"உள்ள போங்கக்கா. நீங்க இங்க நின்னா அவரு வீக்கம் வத்திடுமா?"

மார்ச் 14

உடம்பில் உப்பு ஏறியிருக்கிறது, எங்கிருந்து போகிறது என்று பாருங்கள் என்றாராம் ஆஸ்பத்திரி டாக்டர். எங்கிருந்து என்று இவர்கள் பார்க்கவில்லை. யாரிடமிருந்து என்று பார்த்தார்கள்.

மேடம் அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டுப் பேசியிருக்கிறாள். இந்த வீட்டில் இத்தனை வருடத்தில் அம்மாவை யாரும் நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை.

"போலீஸ்ல சொல்லணும்னு அவர் குதிக்கிறாரு. நான்தான், பாவம், வேணும்னு செஞ்சிருக்க மாட்டான்னு சொன்னேன். உனக்கும் வயசாகுது. நீ வேணும்னு பண்ணலை, இல்ல?"

அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "தெரியாம நடந்துபோச்சு மேடம். மன்னிச்சிடுங்க."

கத்தினேன். ஏம்மா? நடக்காததை ஏம்மா ஒத்துக்கிட்டே?

"ஒத்துக்கலைன்னா நாளைக்கே காலி பண்ணச் சொல்லுவாங்க. உன் சாமானை எங்கடி தூக்கிட்டுப் போவே?"

பிறகு, நான் தட்டில் கை வைத்த பிறகு, மெதுவாக: "அவரு செத்திருந்தா நான் கொன்னதாத்தானே ஆகியிருக்கும்?"

சாப்பிட முடியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

புதுச் சமையல்காரி வந்துவிட்டாள். அம்மாவுக்கு இனிப் பாத்திரமும் தரையும். "ரெஸ்ட் குடுத்திருக்கேன்" என்று ஜெனரலிடம் சொன்னாளாம் மேடம். ரெஸ்ட் என்றால் குனிந்து துடைப்பது.

புதியவள் எங்கிருந்தோ பஸ்ஸில் வருகிறாள். எட்டு மணிக்குத்தான் வர முடியும் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். மேடம் சரி என்றாள். அம்மா ஒரு நாள் ஐந்தே காலுக்கு அடுக்களை விளக்கைப் போட்டதற்கு என்ன பேச்சுப் பேசினாள் இவள். நான் அந்தப் பெண்ணுக்கு எட்டு மணி என்று பெயர் வைத்திருக்கிறேன். கெட்டவள் இல்லை. வந்ததும் அம்மாவிடம், "அக்கா, கத்தியெல்லாம் நல்லா தீட்டி வெச்சிருக்கீங்க" என்றாள். அவளை வெறுக்கத்தான் பார்த்தேன். பிடி கிடைக்கவில்லை.

சாப்பாடு அருமையாம். மேடம் மேஜையிலிருந்தே, தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கேட்கும்படி சொல்லியிருக்கிறாள்: "பாத்தீங்களா? அதே அரிசி, அதே பருப்பு, அதே தண்ணி. கைதான் வேற."

அம்மா இதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. தலையசைத்தாள். நியாயமான தீர்ப்பைக் கேட்டவள் போல.

மார்ச் 18

எட்டு மணி வந்ததிலிருந்து ஒரு நாள்கூடக் கரிக்கவில்லையாம். எனக்கே சந்தேகம் வருகிறது. அம்மாவுக்கு நிஜமாகவே ஏதாவது…

இல்லை. நான் நின்று பார்த்தேன். போடவில்லை.

மார்ச் 21, வெள்ளி

எனக்கு வார விடுமுறை. வரிசையாக எழுத வேண்டும்.

அம்மா பழக்கத்தில் ஐந்து மணிக்கே எழுந்து அடுக்களைத் தரையைத் துடைக்கப் போனாள். அவளுக்கு முதுகுவலி. நான் துடைக்கிறேன் என்று கூடப் போனேன். எங்கள் வெளிக்குழாயில் தண்ணீர் வரவில்லை. அதனால் அடுக்களைக் குழாயிலேயே பல் தேய்த்து வாயைக் கொப்பளித்தேன்.

உப்பு. லேசாக இல்லை. கடலில் விழுந்து எழுந்த மாதிரி.

மறுபடி பிடித்தேன். உப்பு. அம்மாவைக் கூப்பிட்டேன். வாயில் விட்டுக்கொண்டாள். முகம் சுருங்கியது. என் முகத்தைப் பார்த்தாள், நான் முதலில் சொல்ல வேண்டும் என்பது போல.

"கரிக்குதும்மா" என்றேன்.

"கரிக்குது, இல்ல?" என்றாள்.

ஒரு பாட்டிலில் பிடித்து வைத்தேன். ஏழு மணிக்கு மேல் வீட்டில் ஒவ்வொருவராகக் குளித்தார்கள். எட்டு மணிக்குப் போய்ப் பிடித்தேன். லேசாக, தேடினால்தான் தெரிகிற மாதிரி ஒரு கரிப்பு. பதினொரு மணிக்கு மறுபடி. சுத்தமான தண்ணீர்.

கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? ஐந்து மணிக்கு இந்த வீட்டில் குழாயைத் திறக்கிற ஒரே கை அம்மாவுடையது. கஞ்சிக்கு, சோற்றுக்கு, பிளாஸ்குக்கு. ராத்திரி பைப்பில் தேங்கிய உப்பெல்லாம் அவள் பானையில் இறங்குகிறது. பிறகு இவர்கள் எழுந்து குளிக்கிறார்கள். மிச்ச உப்பு அவர்கள் தலைவழியாகச் சாக்கடைக்குப் போகிறது. எட்டு மணி வரும்போது பைப் கழுவி விட்ட மாதிரி இருக்கும். மெஷின்காரன் வந்தது பதினொரு மணிக்கு. அதே தண்ணியாம்! இந்த வீட்டில் யார் முதலில் எழுந்திருக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு தண்ணீர், தூங்கி எழுந்து வருகிறவர்களுக்கு வேறு தண்ணீர்.

பெரியவர் சரியாகத்தான் சொன்னார். வெந்நீரில் யார் உப்பு போடுவார்கள் என்று கேட்டுச் சிரித்தார்களே, அந்தக் கேள்வியை ஒருவராவது சிரிக்காமல் கேட்டிருக்கக் கூடாதா?

மார்ச் 22

இன்று ஐந்து மணிக்குக் கரிக்கவில்லை. பயந்துவிட்டேன். நேற்று நடந்தது கனவா? பாட்டிலைத் திறந்து குடித்தேன். உப்பு. கனவில்லை.

கடையில் சாப்பாட்டு நேரத்தில் மெஷின் மேல் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். சில நாள் காலையில் மட்டும் கரிக்கிறது என்றேன்.

"தினமும் இல்லை, மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை, சரியா?"

எழுந்து நின்றுவிட்டேன்.

அவள் விளக்கினாள். மெஷினுக்குள் அழுக்குச் சேர்ந்ததும் ராத்திரியில் அது தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். தொட்டியிலிருந்து உப்புத் தண்ணீரை இழுத்து, உள்ளே ஓடவிட்டு, அப்புறம் நல்ல தண்ணீரால் அலசி, எல்லாவற்றையும் வடிகால் குழாய் வழியாக வெளியே தள்ளும். "அந்தக் குழாய் மடங்கியிருந்தாலோ அடைச்சிருந்தாலோ சரியா அலசாது. உப்பு உள்ளயே நின்னுடும். காலைல முதல்ல திறக்கிற குழாய்ல வரும். குழாயைப் பாருங்க மேடம்."

என்னை மேடம் என்றாள்.

"நீங்க வீட்டு ஓனரா?"

"இல்ல. சமைக்கிற அம்மாவோட பொண்ணு."

"சரி. நீங்களே பாருங்க" என்றாள். குரல் மாறியிருந்தது. அவளும் யாரோ ஒருத்தியின் பொண்ணுதானே.

வந்ததும் பார்த்தேன். வடிகால் ரப்பர் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கவாட்டுச் சந்துக்குப் போகிறது. அங்கே மேடத்தின் ரோஜாத் தொட்டிகள். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. இரண்டு செடி கருகி நிற்கிறது. குழாயின் வாயை இரண்டாக மடித்து, கம்பியால் சுற்றி, மேலே ஒரு தொட்டியைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். அப்படியும் ஒரு சொட்டு, ஒரு சொட்டாகக் கசிகிறது.

ஜெனரலிடம் போனேன்.

"நான்தான் கட்டினேன் பாப்பா" என்றார். மறைக்கவே இல்லை. "மெஷின் வந்த புதுசுல மேடம் கூப்பிட்டுக் காட்டினாங்க. இந்தத் தண்ணி பட்டு ரோஜா கருகுது, இறுக்கிக் கட்டு, ஒரு சொட்டு வரக் கூடாதுன்னாங்க. கட்டினேன். ஏன்?"

சொன்னேன். தொப்பியைக் கழற்றினார். மாட்டவில்லை.

"அக்காவுக்குத் தெரியுமா?"

அம்மாவுக்குச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். "சரி, அவிழ்த்து விட்டுடு. யார்கிட்டயும் சொல்லாதே."

அவிழ்க்க மாட்டேன். அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். அந்தக் கம்பி அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 23, ஞாயிறு

எல்லோரும் வீட்டில் இருந்தார்கள், ஆஸ்பத்திரியில் இருக்கும் பெரியவரைத் தவிர. பாட்டிலோடும் ஒரு டம்ளரோடும் போனேன். முதல் முறையாக முன்வாசல் வழியாக. செருப்பை எங்கே விடுவது என்றுகூடத் தெரியவில்லை.

டம்ளரில் ஊற்றி மேடத்திடம் நீட்டினேன். "வெள்ளிக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு உங்க அடுக்களைக் குழாய்ல பிடிச்சது மேடம். குடிச்சுப் பாருங்க."

"குழாய்த் தண்ணியை நான் வாயில வைக்கிறதில்லை."

அதாவது, இந்த மெஷின் வந்ததிலிருந்து ஒரு முறைகூட அவள் அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கவில்லை. குடிக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

சார்தான் வாங்கி ஒரு வாய் வைத்தார். முகம் கோணிப்போய்த் துப்ப இடம் தேடினார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. சந்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அந்தப் பெண் போனில் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"யார் கட்டினது இதை?"

ஜெனரல் கேட்டருகிலிருந்து வந்து நின்றார். மேடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின்னால் தண்ணீர் வாளியோடு நின்ற அம்மாவைப் பார்க்கவில்லை.

"நான்தான் சார். தெரியாம பண்ணிட்டேன்."

"அண்ணே" என்றேன். "யார் சொல்லிக் கட்டினீங்கன்னு சொல்லுங்கண்ணே."

"யாரும் சொல்லலை பாப்பா. செடி கருகுதேன்னு நானாத்தான்."

மேடம் ரோஜாவில் ஒரு பழுத்த இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். "ஒவ்வொருத்தரும் தெரியாம, தெரியாமன்னு செய்யறது. பாதிக்கப்படறது யாரு? எங்க மாமா."

ஒரு நிமிடம் ஜெனரலை அடிக்கலாம் போலிருந்தது. கேட்டருகே இருக்கும் அந்தக் கூண்டு அறைதான் அவருக்கு வீடு. நான் அடிக்க வேண்டியது அவரை இல்லை. ஆனால் அந்த நிமிடம் அவரைத்தான்.

சார் கட்டிங் பிளேயர் கொண்டுவரச் சொல்லிக் கம்பியை வெட்டினார். குழாய் தன் மடிப்பிலிருந்து மெதுவாக நிமிர்ந்தது. தேங்கியிருந்தது கொடகொடவென்று கொட்டியது. கையைத் தட்டிக்கொண்டு, "சரி, பிரச்சனை முடிஞ்சுது" என்றார்.

"முடியலை சார். அம்மாகிட்ட சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"அவங்க கை இல்லைன்னு. அன்னிக்கு யாரெல்லாம் மேஜையில இருந்தீங்களோ அத்தனை பேரும் இருக்கும்போது சொல்லணும்."

மேடம் திரும்பினாள். "நாங்க எப்பம்மா உங்க அம்மா மேல பழி போட்டோம்? வயசாச்சேன்னு வேலையைக் குறைச்சுக் குடுத்தோம். அது ஒரு தப்பா?"

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி. வா." இழுத்த வேகத்தில் வாளித் தண்ணீர் அவள் காலில் கொட்டியது.

மார்ச் 26

பெரியவர் வந்துவிட்டார். பாதி ஆளாகியிருக்கிறார். சக்கர நாற்காலியில் வராந்தாவில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். நான் கடைக்குப் போகும்போது கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"ஏம்மா, தண்ணி கரிக்குதுன்னு நான் சொன்னேன். சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க ஐயா."

"யாரு கேட்டாங்க? கிழவனுக்கு நாக்கு செத்துப்போச்சுன்னுட்டாங்க. உங்க அம்மாவை வரச் சொல்லு, நான் சொல்றேன்—"

உள்ளிருந்து மேடம்: "மாமா, ரொம்பப் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு." நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 28

காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள்.

எட்டு மணியின் சமையல் எல்லோருக்கும் பிடித்துவிட்டதாம். பெரியவருக்குக் காலைக் கஞ்சி நேரத்துக்கு வேண்டுமாம். அதனால் அவள் இங்கேயே தங்கப் போகிறாள், எங்கள் ரூமில். இனி அவள் ஐந்து மணிக்கு எழுந்து குழாயைத் திறப்பாள். தண்ணீர் நன்றாக இருக்கும். நான் சரிசெய்து கொடுத்த தண்ணீர்.

அம்மாவிடம் மேடம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள்: "உன் மேல எனக்கு வருத்தமில்லை. உன் பொண்ணுதான் வாய் நீளம்."

எட்டு மணி வந்து நின்றாள். "அக்கா, நான் கேக்கலை. அவங்களாத்தான்…" அம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்து, பெரிய அடுப்பின் இடது பக்கம் காற்று அடித்தால் அணைந்துவிடும், பார்த்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்தாள்.

இரண்டு பேரும் ரூமில் சாமான் கட்டினோம். அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"நீ சும்மா இருந்திருந்தா பாத்திரமாவது கழுவிக்கிட்டு இங்கயே கிடந்திருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்று சொல்வது போலச் சொன்னாள். உண்மையைச் சொன்னால் வீடு போகும் என்பது தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? சொல்லியிருப்பேன். இன்னும் சத்தமாக. ஆனால் தெருவுக்கு வந்திருப்பது நான் மட்டும் இல்லையே.

ஏப்ரல் 6

டயர் கடைக்கு மேலே ஒரு அறை. ரப்பர் நாற்றம் துணியில் ஏறிவிட்டது. ஜெனரல்தான் தள்ளுவண்டி பிடித்துக்கொண்டு வந்து பீரோவைத் தூக்கிக் கொடுத்தார். அம்மா அவருக்குத் தேநீர் வாங்கி வரச் சொன்னாள். நான் வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தேன், பேசவில்லை. குடித்துவிட்டுப் போகும்போது வாசலில் நின்று, "எனக்கும் போக இடமில்லை பாப்பா" என்றார்.

தெரியும். அதனால்தான் பேச முடியவில்லை.

ஏப்ரல் 9

அம்மாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. காலேஜ் ஹாஸ்டல் சமையற்கூடத்தில் காய் நறுக்க. கீழ்வீட்டு அக்கா அங்கே வேலை பார்க்கிறாள், அவள் சொல்லிச் சேர்த்துவிட்டாள்.

ஏப்ரல் 24

எழுதவே கூடாது என்றிருந்தேன்.

கடையிலிருந்து வரும்போது மாடிப்படியில் கீழ்வீட்டு அக்கா நிறுத்தினாள். ஹாஸ்டலில் பெரிய சமையல்காரர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். மேனேஜர் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, யாருக்காவது சமைக்க வருமா, வந்தால் நாளையிலிருந்தே அந்த இடம் என்று கேட்டிருக்கிறார்.

"உங்க அம்மாவைப் பாத்தாரு. அவங்க, எனக்குச் சமைக்கத் தெரியாதுங்கன்னுட்டாங்க. இத்தனை வருஷம் பெரிய வீட்டுல என்ன வேலை பாத்தாங்க அப்ப? மேல்வேலையா?"

படியேறி வந்தேன். அம்மா தரையில் உட்கார்ந்து கால்விரல்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடம் அந்த வீட்டு அடுப்படியில் நின்ற கால். கைப்பையைக்கூட வைக்காமல் கேட்டேன்.

"மேனேஜர்கிட்ட என்னன்னு சொன்னே?"

"அதுக்குள்ள உன் காதுக்கு வந்துடுச்சா?"

"சமைக்கத் தெரியாதுன்னா சொன்னே?"

"முந்நூறு பிள்ளைங்க சாப்பிடற இடம்டி."

"தண்ணிம்மா. உன் கை இல்லை. தண்ணி. அவ கட்டச் சொன்ன குழாய். நீயே கண்ணால பாத்தே."

"பாத்தேன்."

"உன் மேல தப்பில்லைன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்டி." எண்ணெய்க் கிண்ணத்தை மூடினாள். "அது எனக்கு நல்லாத் தெரியும்."

பையைக் கீழே போட்டுவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

காலையில் நானே கூட வருகிறேன் என்றேன். மேனேஜர் அறை வாசல்வரை வருகிறேன். உள்ளே போய், எனக்குச் சமைக்கத் தெரியும் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"சொல்றியா?"

அம்மா எழுந்து போய் ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்தாள். ஒவ்வொன்றாக உதறி மடித்தாள். என்னுடையவை ஒரு பக்கம், அவளுடையவை ஒரு பக்கம்.

"சொல்றேன்னு சொல்லும்மா."

மடித்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, சொல்றேன்னு சொல்லு."